தட்டோசைக்கு ஏது யாது?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளையிலிருந்து இறக்கிய சாமான்களைத் தரம் பிரிப்பவர் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. மின்கம்பத்திற்குரிய இன்சுலேட்டராயினும், பியூஸ் கட்டையாயினும், கொலுவுக்குச் செல்லும் பொம்மையாயினும், ஐயத்திற்கிடமான பண்டத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகை விரலால் ஒரு தட்டுத் தட்டி, அது கணீரென்று ஒலிக்கிறதா அல்லது மொத்தென்று அடங்கிவிடுகிறதா என்று கேட்ட பிறகே அதை நல்ல அடுக்கிலோ கழிவிலோ சேர்க்கிறார். நெய்வேலிச் சுரங்கத்து மண்ணடுக்குகளில் கிடைக்கும் வெண்களிமண்ணை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த இத்தொழிலுக்கென ஒரு தொழிற்பேட்டையும், பீங்கான் நுட்பத்தைப் பாடமாகக் கற்பிக்கும் ஒரு நிறுவனமும் இவ்வூரில் உண்டு. ஆயினும் பண்டத்தின் உள்ளே மறைந்திருக்கும் குறையை வெளியே நின்று அறிவதற்கு விரலும் காதுமே இன்றளவும் போதுமானவையாக இருந்து வருகின்றன.

இதன் பின்னாலுள்ள பௌதிகம் எளிமையானது. பீங்கானில் எஞ்சியிருக்கும் குவார்ட்ஸ் என்னும் படிகம், சூளை ஆறிவரும்போது 573 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும் சுபாவமுடையது. சூளையை அவசரப்பட்டு ஆறவிட்டால், பண்டத்தின் ஒரு பாகம் சுருங்கி மற்றொரு பாகம் சுருங்காதிருக்கும் அந்தச் சில நிமிஷங்களில், மெருகின் அடியில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்துவிடுகிறது. முழுமையான பண்டத்தைத் தட்டினால் அதன் உடல் முழுவதும் ஒன்றாக அதிர்ந்து நாதம் நெடுநேரம் நிற்கும். விரிசலுள்ள பண்டத்திலோ, விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் சக்தியை விழுங்கிவிடுவதாலும், உடலின் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கிவிடுவதாலும், ஒலி பிறந்தவுடனேயே மடிந்துவிடுகிறது.

இதே ஊரின் கார்ப் பட்டறைக்குள் நுழைவோமாயின், பிரச்சினை இதனினும் கடினமான வேஷத்தில் நம் முன் நிற்கும். பீங்கானை நாம் தட்டுகிறோம். எங்கே தட்டினோம், எவ்வளவு பலத்தோடு தட்டினோம் என்பது நமக்குத் தெரியும். மோட்டார் காரின் இன்ஜினோ, நாம் நுழைய முடியாத இரும்பு அறைக்குள் இருந்துகொண்டு, நிமிஷத்திற்கு ஆயிரக்கணக்கான முறை தன்னைத் தானே தட்டிக்கொள்கிறது. ‘நாக்கிங்’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் அந்தத் தட்டோசைக்குக் காரணம் ஐம்பது ரூபாயில் தீரும் தளர்ந்த ஆணியாகவும் இருக்கலாம். இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டிய பேரிங் தேய்மானமாகவும் இருக்கலாம். இரும்பில் எந்தப் பழுதுமின்றிப் பெட்ரோல் எரியும் முறையில் நேர்ந்த கோளாறாகவும் இருக்கலாம். காரியம் ஒன்று, காரணங்கள் பல என்றிருக்கும்போது, காரியத்தைக் கண்ட மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிடுபவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறவரே தவிர, ஆராய்கிறவர் ஆகமாட்டார்.

இவ்வகைச் சிக்கலுக்கான நெறி தமிழருக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் போதிக்கும் தருக்கம், புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் பழைய உதாரணத்தையே எடுத்துக்கொண்டு, ஒரு ஏது, அதாவது காரணமாகக் காட்டும் அடையாளம், நல்ல ஏதுவாவதற்குரிய நிபந்தனைகளை வகுத்துரைக்கிறது. துணியப்படும் பொருள் உள்ள இடங்களில் ஏது காணப்படவேண்டும். அப்பொருள் இல்லாத இடங்களில் ஏதுவும் இல்லாதிருக்க வேண்டும். முன்னது சபக்கம், பின்னது விபக்கம். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் அது ஏதுப்போலி. இந்த நெறியை இன்ஜினுக்குப் பிரயோகிப்பதென்றால், சப்தம் எந்தெந்த நிலையில் உண்டு என்று கேட்பதோடு நில்லாமல், எந்த நிலையை நீக்கினால் சப்தமும் கூடவே நீங்குகிறது என்றும் கேட்கவேண்டும். நல்ல மெக்கானிக் ஒருவர் செய்யும் சோதனைகள் யாவும் இந்த இரண்டாவது கேள்வியின் வெவ்வேறு வடிவங்களே.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் ஒரே சுற்றுச் சுற்றுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் வண்டி நின்ற இடத்தில் நிமிஷத்திற்கு 750 சுற்று ஓடுமாயின், கிராங்க் விநாடிக்குப் பன்னிரண்டரை முறையும், கேம் ஆறேகால் முறையும் சுழலும். ஆகவே, சுற்று வேகத்தில் பாதியளவே கேட்கும் இலேசான ‘டிக் டிக்’ ஓசை பெரும்பாலும் டப்பெட்டையும் வால்வையும் சேர்ந்தது. சுற்றுக்கொன்றாக விழும் கனமான அடி கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் ஆகியவற்றின் பக்கம் நம் கவனத்தைத் திருப்புகிறது. இன்ஜினின் வேகத்தோடு சிறிதும் சம்பந்தப்படாமல், வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் ஓசையோ, சக்கரத்திலிருந்தோ அச்சிலிருந்தோ வந்துகொண்டிருக்க, அதற்காக இன்ஜினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

அடுத்தது உஷ்ணம். காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்தவுடன் கேட்டு, இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிடும் தட்டோசை, சிலிண்டருக்குள் சற்றே தளர்ந்திருக்கும் பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து மோதுவதால் உண்டாவது. பிஸ்டன் அலுமினியத்தாலானதாகையால் சூட்டில் அதிகம் விரிந்து இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, குளிர்ந்த நிலையில் மௌனமாயிருந்து, எண்ணெய் சூடாகி இளகியபின் பலமாகும் ஓசை பேரிங்கைச் சுட்டிக்காட்டும். கனெக்டிங் ராடின் பேரிங்கில் இருக்கவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதனை நிரப்பி நிற்கும் எண்ணெய்ப் படலமே இரும்பு இரும்பின்மேல் விழாமல் தாங்குகிறது. தேய்மானத்தால் இடைவெளி அகன்று, சூட்டால் எண்ணெயும் இளகிவிட்டால் படலம் அறுந்துபோகிறது. இக்காரணத்தால்தான், எந்தத் தட்டோசைக்கும் முதற்சோதனையாக டிப் ஸ்டிக்கை உருவி எண்ணெயின் அளவைப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்; அந்த எண்ணெயில் மினுமினுக்கும் உலோகத் துகள் தென்படுமானால், வண்டியை மேற்கொண்டு ஓட்டிப் பார்ப்பதே விவேகமாகாது.

மூன்றாவதான பாரச் சோதனையே எல்லாவற்றிலும் நயமானது. எண்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மேல் பெட்ரோல் எரிந்து ஐம்பது வளிமண்டல அழுத்தம் உண்டாகும்போது, அந்தப் பிஸ்டனும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஏறக்குறைய இரண்டரை டன் எடைக்குச் சமமான அடியை வாங்குகின்றன. நான்கு சிலிண்டர்களில் ஒன்றை மட்டும் எரியாமல் தடுத்துவிட்டால், அந்த ஒரு பேரிங்குக்கு இந்த அடி விழாது. பழைய வண்டிகளில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வாடிக்கை. எந்த வயரைக் கழற்றியதும் தட்டோசை தணிகிறதோ, அந்தச் சிலிண்டரில் நோய் இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்வர். இது அறவண அடிகளின் விபக்கச் சோதனையின் சுத்தமான உருவம் அல்லவா? இன்றைய வண்டிகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை: தீப்பொறியை நிறுத்திவிட்டுப் பெட்ரோலை ஓடவிட்டால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சென்றடைந்து, அதன் உள்ளே தேன்கூடு போல் அமைந்துள்ள பீங்கான் கட்டியை அளவுமீறிச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஆகவே இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோலையே நிறுத்துவது உசிதம்.

ஓசை பிறக்கும் இடத்தைத் தேட, நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை இன்ஜினின் வெவ்வேறு பாகங்களில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பது பட்டறைகளின் பழைய வித்தை. பயனுள்ள வித்தைதான், ஆனால் இரும்பு ஒலியை வெகுதூரம் கடத்துமாகையால், பலமாகக் கேட்ட இடத்தை நோயின் இடமென்று உடனே முடிவு கட்டலாகாது. தண்ணீர் பம்ப், டைனமோ, ஏ.சி. கம்ப்ரசர் ஆகியவற்றைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிச் சில விநாடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்தால், இவை நிரபராதிகளா என்பது தெளிவாகிவிடும்.

இதுவரை சொன்னவை இரும்பு இரும்போடு மோதும் ஓசைகள். சாஸ்திரீயமான பொருளில் ‘நாக்கிங்’ என்று வழங்குவதோ வேறொன்று. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் ஊர்ந்து வந்த வண்டியை, கியரை இறக்காமலே ஆக்ஸிலேட்டரை அழுத்தி முந்தச் செய்யும்போது, உலோகக் குண்டுமணிகளைத் தகர டப்பாவில் குலுக்குவதுபோல் எழும் ‘கிணு கிணு’ ஓசையைப் பலர் கேட்டிருப்பர். அங்கே எந்த இரும்பும் எதனோடும் மோதவில்லை. பிளக்கில் பிறந்த தீ, விநாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் கலவையை எரித்துக்கொண்டு சிலிண்டரின் மறுகோடியை நோக்கிச் செல்கையில், கோடியில் எஞ்சியிருக்கும் எரியாத கலவை, பின்னிருந்து நெருக்கும் அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் பொறுமையிழந்து, தீ தன்னை வந்தடையுமுன்பே தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியால் சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் பாய்ந்து சுவரை அறைவதே அவ்வோசை. இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ இதைத் தெளிவுபடுத்தியவர்களில் தலைமையானவர். 1919-ஆம் ஆண்டை ஒட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை மாற்றத்தக்க ஓர் இன்ஜினை வடிவமைத்து, ஒவ்வொரு எரிபொருளும் எந்த அளவு நெருக்கலைத் தாங்கும் என்று பரீட்சித்தார். பிளக்கின் பீங்கான் மூக்கோ, படிந்த கரியோ செஞ்சூடாகி, தீப்பொறிக்கு முன்னதாகவே கலவையைப் பற்றவைத்துவிடும் வேறொரு கோளாறையும் அவர் இதிலிருந்து பிரித்துக் காட்டினார். இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கும், ஆனால் இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

இந்த ஓசையை அடக்குவதில் உலகம் இத்தனை அக்கறை கொண்டதற்குக் காரணம் சிக்கனமே. காற்றை மட்டும் கணக்கிற்கொண்ட கோட்பாட்டளவில், அழுத்த விகிதம் நாலுக்கு ஒன்று என்றிருக்கும் இன்ஜின் எரிபொருளின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 43 பங்கு வரையிலும், பத்துக்கு ஒன்று என்றிருப்பது 60 பங்கு வரையிலும் வேலையாக மாற்ற இயலும். நடைமுறையில் கிடைப்பது இதனினும் வெகு குறைவெனினும், நெருக்கலை உயர்த்தினால் லாபம் என்ற உண்மை மாறாது. அந்த உயர்வுக்குக் குறுக்கே நின்ற தடை நாக்கிங்.

தடையை நீக்கப் புறப்பட்ட அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லியின் கதை, ஏதுப்போலிக்கு விஞ்ஞான சரித்திரம் தந்துள்ள அழகான உதாரணம். 1916-இல் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் இப்பிரச்சினையை ஏற்ற அவர், வசந்தத்தின் தொடக்கத்தில் மற்றச் செடிகளை முந்திக்கொண்டு மலரும் ஒரு செடியின் இலை சிவந்திருப்பதை நினைந்து, செந்நிறம் உஷ்ணத்தை எளிதில் கிரகிக்கிறது போலும், எரிபொருளைச் சிவப்பாக்கினால் அது சீக்கிரம் ஆவியாகி நாக்கிங் குறையலாம் என்று ஊகித்தார். சாயம் கைவசம் இல்லாதபடியால் அயோடினைக் கலந்தார், ஓசை அடங்கிவிட்டது! அத்தோடு நின்றிருந்தால் சிவப்பே மருந்தென்று உலகம் நம்பியிருக்கும். அவர் நிற்கவில்லை. வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார், பலனில்லை. நிறமே இல்லாத அயோடின் கூட்டுப்பொருளைக் கலந்து பார்த்தார், ஓசை மறுபடியும் அடங்கியது. நிறம் இருந்தும் பலனில்லை, நிறம் இல்லாமலும் பலன் உண்டு என்று ஆனபின், ரசாயனம்தான் ஏது, நிறம் ஏதுப்போலி என்பது ஐயமறத் துலங்கிற்று. தவறான ஊகம் ஒன்று சரியான பலனைத் தந்தபோதும் அதனைச் சோதித்துத் தள்ளத் துணிந்ததே அவருடைய வெற்றி.

அவ்வழியே சென்று 1921 டிசம்பர் 9-இல் அவர் கண்ட டெட்ரா எத்தில் ஈயம் நாக்கிங்கை அற்புதமாக அடக்கியது; அதற்கு மானிடம் கொடுத்த விலையும் பெரிது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் சுத்திகரிப்பு ஆலையொன்றில் அந்த விஷத்தால் தொழிலாளர் ஐவர் மாண்டனர். பின்னர் பல தலைமுறைகளின் குழந்தைகள் வீதிப் புகையில் ஈயத்தைச் சுவாசித்தனர். எரிபொருள் நாக்கிங்கின்றி அழுத்தத்தைத் தாங்கும் சக்தியை அளக்க ஐசோ ஆக்டேனுக்கு நூறும் நார்மல் ஹெப்டேனுக்குப் பூஜ்யமும் கொடுத்து 1926-ஐ ஒட்டி கிரஹாம் எட்கர் என்பவர் வகுத்த ஆக்டேன் எண்ணே இன்றும் பெட்ரோல் பங்குகளில் வழங்குவது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் பெருநகரங்களிலும், 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்துவிட்டது. ஈயத்தின் வேலையில் ஒரு பங்கை இன்று எத்தனால் செய்கிறது. பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்து விவசாயிக்கு நன்கு பரிச்சயமான கரும்பிலிருந்தும் வடிக்கப்படும் இந்தச் சாராயத்தின் ஆக்டேன் எண் நூறுக்கும் மேற்பட்டது. எனவே, ஓட்டுவோர் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு: வழக்கமான பெட்ரோலுக்குப் பதிலாக ஒரு டாங்கு அதனினும் உயர்ந்த ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோல் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஓசை மறைந்தால் அது எரிதலின் ஓசை; கரிப் படிவையோ, தீப்பொறியின் டைமிங்கையோ, ரேடியேட்டரின் சூட்டையோ மேற்கொண்டு விசாரிக்கவேண்டும். மறையாவிட்டால் விசாரணை இரும்பின் பக்கம் திரும்பவேண்டும்.

டீசல் வண்டி வைத்திருப்போர் இச்சோதனையைத் தமக்கும் பொருத்திக்கொள்ளலாகாது. பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் தானாகப் பற்றுவது குற்றம். டீசலிலோ அதுவே தர்மம். தெளித்த டீசல் உடனே பற்றாமல் சற்றுத் தாமதித்து, அதற்குள் சேர்ந்துவிட்ட அளவு முழுவதும் ஒருசேரப் பற்றினால், அதுவே டீசலின் தட்டோசை. மார்கழிக் காலையில் அது பலமாகக் கேட்பதும், முதலில் ஒரு துளியைத் தெளித்துப் பற்றவைத்துவிட்டுப் பிறகு மீதியைச் செலுத்தும் புதிய இன்ஜின்களில் அது தணிந்திருப்பதும் இதனாலேயே.

இவ்விசாரணையில் இன்று ஒரு பீங்கானும் பங்கேற்கிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். 1950-களில் உருவாக்கப்பட்ட ஈய ஸிர்கோனேட் டைட்டனேட் என்னும் பீங்கானில் அந்தக் குணம் மிகுதியாக இருந்தது. அதனாலான சிறு வளையம் ஒன்றை இன்ஜினின் உடலில் போல்ட்டு வைத்து இறுக்கிவிட்டால், உடலின் ஒவ்வொரு அதிர்வும் மின்சாரமாகிக் கட்டுப்பாட்டுக் கணினியைச் சென்றடைகிறது. எண்பது மில்லிமீட்டர் சிலிண்டருக்குள் வெடித்த வாயு, விநாடிக்கு ஏறக்குறைய ஏழாயிரம் முறை ஊசலாடும். மிருதங்கத்தின் வட்டத்தோல் எவ்வகைக் கணிதத்துக்குட்பட்டு அதிர்கிறதோ, அவ்வகைக் கணிதமே இந்த வட்ட அறையின் வாயுவுக்கும் பொருந்தும். கணினி அந்தச் சுருதியை மட்டும், அதுவும் ஒவ்வொரு தீப்பொறிக்கும் பிந்திய சிறு இடைவேளையில் மட்டும் கவனித்து, நாக்கிங் தென்பட்டால் தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தி, பின்னர்ப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. பெட்ரோலிலிருந்து வெளியேற்றப்பட்ட ஈயம், பெட்ரோலின் குற்றத்தைக் கேட்டறியும் பீங்கானில் அடக்கமாக இடம் பெற்றுவிட்டது!

ஆனால் அந்தச் செவி ஒரே சுருதியைக் கேட்கப் பழகியது. தளர்ந்த டப்பெட்டின் ஓசை தற்செயலாக அச்சுருதியில் அமைந்துவிட்டால், கணினி அதனை எரிதலின் ஓசையென்று கொண்டு தீப்பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே போகும். வண்டி பலம் குன்றிப் பெட்ரோலை அதிகம் குடிக்கும். தட்டோசை மட்டும் மாறாது. நிபந்தனையை மாற்றிப் பார்த்து, மாற்றியபின்னும் ஓசை நிற்கிறதே, நம் அனுமானம் பொய்யோ என்று ஐயுறும் வேலை இன்னும் மனிதனிடமே இருக்கிறது.

ஆகையால் பட்டறைக்குச் செல்லுமுன் வண்டிக்காரர் குறித்துக்கொள்ள வேண்டியவை: ஓசை குளிர்ந்த நிலையிலா, சூட்டிலா, நின்று ஓடும்போதா, பாரம் இழுக்கும்போதா, இன்ஜின் வேகத்தோடா, வண்டியின் வேகத்தோடா, எண்ணெய் எவ்வளவு, எந்தப் பெட்ரோலுக்குப் பின் தொடங்கியது. இவற்றைக் கேளாமலே ஸ்பேனரை எடுத்து இன்ஜினைப் பிரித்துப்போடுகிறவர், பெரியதொரு சாட்சியை இழந்துவிடுகிறார். தேய்ந்த பேரிங்கைப் பிரித்த பின்னும் அளந்து காணலாம்; எரிதலின் கோளாறையோ, சூட்டில் மட்டும் பிறக்கும் இடைவெளியையோ மேஜைமேல் பரப்பிய உறுப்புகளில் காண முடியாது, ஏனெனில் அவை உறுப்புகளில் இல்லை, உறுப்புகள் கூடி ஓடும் ஓட்டத்தில்தான் இருக்கின்றன. ஓசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விசாரணையை முடித்துவிட்டு, எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு திறப்பதே முறை.